காவி பூசிய கால்களோடு கோரிப்பாளையத்துக்கு

கொட்டாம்பட்டியிலிருந்து மதுரை ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். இந்தச் சாலையில் நான் போய்வந்த தூரத்தைக் கூட்டினால் இமயமலைக்கே பலமுறை போய்த் திரும்பியிருக்கலாம். நான்குவழிச் சாலை வருவதற்கு முன்னால், எந்த வளைவில் எம்புட்டு ஆழத்தில் பள்ளம் என்று டிரைவர்களுக்கே சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனால் போன ஆடியில் போன பயணம் கோயிலுக்கும் இல்லை, கறிச்சோற்றுக்கும் இல்லை. என் தங்கச்சி செல்வியின் மகளை டாக்டரிடம் காட்டப் போனோம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அவர்களுக்கு ஆகட்டும் என்று எழுதுகிறேன்.

பிள்ளையின் பெயரைத் தரணி என்று வைத்துக்கொள்ளுங்கள். "எழுதுங்க மாமா, ஆனா என் பேரையும் போட்டோவையும் போட்டீங்க, அம்புட்டுத்தான்" என்று உத்தரவு. வயது பதினொன்று. ஒரு வருடமாகவே வாயில் புண் வரும், ஆறும், மறுபடி வரும். சூடு என்று சொல்லி மணத்தக்காளிக் கீரை, எண்ணெய்க் குளியல். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். முட்டி வலிக்கிறது என்பாள். வளர்கிற பிள்ளைக்கு அப்படித்தான் என்போம். பிள்ளை வளரவே இல்லை என்பது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

ஆடி பிறந்ததும் இரண்டு காலிலும் முட்டிக்குக் கீழே முன்பக்கம் சிவந்து சிவந்து கட்டி. தொட்டால் துடிக்கிறாள். அது அக்கி என்று கண்டுபிடித்தது சாட்சாத் நானேதான். பக்கத்து ஊரில் அக்கி எழுதுகிறவர் இருக்கிறார். காவியைக் கரைத்துக் காலுக்கொரு சிங்கம் எழுதினார். எனக்கு அது பூனை மாதிரித்தான் தெரிந்தது, சொல்லவில்லை. அக்கிக்கு ஊசி போட்டால் நோய் உள்ளே இறங்கிவிடும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. அதனால் அக்கியை யாரும் டாக்டரிடம் காட்ட மாட்டோம். வாய்ப்புண்ணுக்கு மேலூர் டாக்டரிடம் போனபோதும் செல்வி நீளப் பாவாடை கட்டிவிட்டுத்தான் கூட்டிப்போனாள். அவர் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் ரொம்பக் குறைவு, சாயங்காலக் காய்ச்சலும் சரியில்லை, மதுரை கோரிப்பாளையத்தில் குழந்தைகள் டாக்டரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

காலை ஆறரைக்குப் பஸ் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். வலது பக்கம் உட்கார்ந்தால் மேலூர் தாண்டும்வரை வெயில் அடிக்காது. மேலூரில் பஸ் நின்ற இடைவெளியில் நான் நான்கு வடையை முடித்தேன். தரணி ஒன்றும் தொடவில்லை.

"தண்ணியாச்சும் குடி தாயி."

"வேணாம் மாமா."

"இவ இப்படித்தாண்ணே," என்றாள் செல்வி. "சோறுன்னாலே மொறைப்பா. அடிச்சும் பாத்துட்டேன்."

ஒத்தக்கடையில் கல்லூரிப் பஸ்களும் லாரிகளும் சேர்ந்து வழியை அடைத்துக்கொண்டன. நான் யானைமலையைக் காட்டி, ஒருகாலத்தில் செருப்பில்லாமல் அதன் தும்பிக்கை வழியாகவே ஏறி இறங்கிய கதையைச் சொன்னேன். தரணி கேட்கவில்லை. முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. மாட்டுத்தாவணியில் பஸ் நிற்பதற்குள் குதித்து, கட்டணக் கழிப்பறைப் பக்கம் ஓடினாள்.

"என்னண்ணே, பாப்பா கோட்டையப் பிடிக்கப் போகுதா?" என்றார் கண்டக்டர்.

"என் மருமகப்பா! ஓட்டத்துல மாவட்டத்துலயே மொத ஆளு" என்றேன். அவள் எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை.

அங்கிருந்து கோரிப்பாளையத்துக்கு ஷேர் ஆட்டோ. தர்கா வாசல்வரை போகாமல் சிக்னலுக்கு முன்பே இறங்கி நடப்பது நல்லது. டாக்டரம்மா நடுத்தர வயது. வாய்ப்புண்ணைப் பற்றி முதலில் கேட்கவில்லை.

"இந்தச் சட்டை பாவாடை எப்ப எடுத்தது?"

"போன தீபாவளிக்கு முந்துன தீபாவளிக்கு மேடம். துணிய அம்புட்டு நல்லா வச்சுக்குவா."

"சின்னதாகலையா?"

"இல்லையே, இன்னும் தொளதொளன்னுதான் கிடக்கு" என்றாள் செல்வி, பெருமையாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உயரம், எடை பார்த்தார். கட்டிலில் படுக்கவைத்தபோது பாவாடை கொஞ்சம் ஏறியது. செல்வி பாய்ந்து இழுத்துவிட்டாள்.

"அது அக்கி மேடம். காவி எழுதியிருக்கு. தொடைக்கக் கூடாது."

"தொடைச்சாத்தான்மா தெரியும்."

"பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

செல்வி பாவாடை நுனியை விடவில்லை. அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாய்மாமன் வார்த்தைக்கு அந்த மரியாதை உண்டு. "தொடைங்க மேடம். எழுத வச்சவன் நான், அழிக்கவும் நாந்தான் சொல்றேன்" என்றேன்.

ஈரப்பஞ்சில் சிங்கம் இரண்டும் கரைந்தன. டாக்டர் கட்டிகளை மெதுவாகத் தடவிப் பார்த்தார். "அக்கின்னா கொப்புளம் வரும், பெரும்பாலும் ஒரு பக்கமா வரும். இது தோலுக்கடியில கட்டி, ரெண்டு கால்லயும். வாய்ப்புண்ணு, முட்டிவலி, வளர்த்தி நின்னது எல்லாம் சேத்துப் பாத்தா எனக்குக் குடல் மேல சந்தேகமா இருக்குங்க."

"வயித்து வலின்னு ஒருநாள் சொன்னதில்லையே மேடம்!" என்றாள் செல்வி.

"எல்லாப் பிள்ளையும் வயித்துலயே ஆரம்பிக்காது. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க."

நானும் செல்வியும் வெளியே வராந்தாவில் உட்கார்ந்தோம். வெகுநேரம் கழித்து டாக்டர் கூப்பிட்டு உள்ளே போன செல்வி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள். அவசரமாக வயிறு கலக்கும் என்றும், பள்ளிக்கூடக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை என்றும், அதனால்தான் காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்றும் பிள்ளை டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் தூங்கிய பிறகு எழுந்து எழுந்து போவாளாம். உட்காரும் இடத்திலும் புண். "எங்கிட்டச் சொல்லலையேண்ணே. சாப்பிடலன்னு அடிச்சேனே" என்றாள்.

ரத்தம், மலம், ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். பிறகு குடல் டாக்டரிடம் போய், மயக்கம் கொடுத்து உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள். காசநோயும் இதே மாதிரி வேஷம் போடுமாம், அது இல்லை என்று உறுதிசெய்துகொண்டு பெயர் சொன்னார்கள்: குரோன்ஸ். குடல் அழற்சி. தொற்றாது. நாங்கள் கொடுத்த எந்தச் சாப்பாட்டாலும் வந்ததில்லை. அடியோடு போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம், பிள்ளை வளரும். முதல் சில வாரம் டாக்டர் சொன்ன சத்துப்பானம் மட்டும். அந்த வாரங்களில் அவள் முன்னால் நான் வடை தின்னவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட தியாகம் என்று தெரியும்.

அந்த முதல்நாள் திரும்பும்போது நடந்ததுதான் முக்கியம். வெள்ளரிப்பட்டி தாண்டியிருப்போம். தரணி என் சட்டையை இழுத்தாள்.

"மாமா, வயித்தக் கலக்குது. வண்டிய நிறுத்தச் சொல்லுங்க."

முணுமுணுக்கவில்லை, நாலு சீட்டுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள். நான் போட்ட சத்தத்தில் யானைமலையே திரும்பிப் பார்த்திருக்கும்.

"என்னண்ணே, நடுவழியில?" என்றார் டிரைவர்.

"மாப்ள, என் மருமக சொல்லிட்டா. அந்தப் பெட்ரோல் பங்குல நிறுத்து."

நிறுத்தினார். பஸ் முழுக்கக் காத்திருந்தது. ஒருத்தர்கூட முனகவில்லை. திரும்பி வந்தவள் செல்வி கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி மடமடவென்று குடித்தாள்.

போகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. பிள்ளையின் பழைய சட்டை இன்னும் சரியாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். வாய், கால், முட்டி, கண் சிவப்பு என்று தனித்தனியாகக் காட்டாமல் எல்லாவற்றையும் ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். காவி எழுதியிருந்தால் கழுவிவிட்டுப் போங்கள். பெரிய பிள்ளையானால் டாக்டரோடு தனியாகப் பேச விடுங்கள். சுத்தமான கழிப்பறை மேலூரைத் தாண்டினால் பெட்ரோல் பங்குகளில்தான்.

மாத்திரைக்காக இப்போதும் போய்வருகிறோம். பாவாடைக்கு மடிப்புப் பிரித்துவிட்டாள் செல்வி. அதே டிரைவர் அமைந்தால் பங்க் வரும்போது கண்ணாடியில் தரணியைப் பார்ப்பார். வேண்டாம் என்று தலையாட்டுவாள். பஸ் போய்க்கொண்டே இருக்கும்.