குளத்தில் விட்ட ஏழு மீன்கள்

சித்திரை மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை கடலூரிலிருந்து சிதம்பரம் போய்வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் கொழுந்தன் செல்வம் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டையைக் குத்தகைக்கு எடுத்துக் கட்லா, ரோகு மீன் வளர்க்கிறார். குஞ்சு விட்ட அன்றே, முதல் அறுவடையில் ஏழு மீனை அந்த ஊர் கோயில் குளத்தில் உயிரோடு விடுவதாக நான் வேண்டிக்கொண்டேன். அறுவடை நெருங்கிவிட்டது. ஆனால் மீன் ஒழுங்காகத் தின்னவில்லை, நாலைந்து செத்தும் மிதக்குது என்று ஓர்ப்படி கலா போனில் சொன்னாள். வேண்டுதலை அறுவடைவரை தள்ளிப் போட்டதால்தான் இப்படியோ என்று மனசு அடித்துக்கொண்டது, உடனே முடித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

மஞ்சக்குப்பத்தில் வீட்டு விளக்கை ஏற்றிவிட்டு, கடலூர் பஸ் நிலையத்தில் 6.10 வண்டியைப் பிடித்தேன். டிக்கெட் நாற்பது ரூபாய். பெண்களுக்கு இலவசம் டவுன் பஸ்ஸில்தான், இதில் இல்லை. முதுநகர் தாண்டினால் உட்கார இடம் கிடைக்காது, முன்னாலேயே ஏறிவிடுங்கள். சிதம்பரம் போய்ச் சேர 7.45. அங்கிருந்து குட்டைக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோ நூற்றைம்பது.

இறங்கியதும் நேராகக் குட்டைக் கரைக்குப் போய்ப் பார்த்தேன். மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து, நட்டிருந்த மூங்கில்களில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தன. ராத்திரியில் திருட்டு வலை வீசாமல் இருக்க இங்கே எல்லாக் குட்டையிலும் மூங்கிலும் முள்ளும் போட்டு வைப்பார்கள்.

"அண்ணி வந்துட்டாங்க, யூடியூப் டாக்டரு," என்றார் செல்வம். "பீஸ் எவ்ளோங்க டாக்டரு?"

"மொதல்ல ஒரு மீனப் புடிங்க தம்பி."

பிடித்தார். செதில் மேல் பயறைத் தட்டி ஒட்டினது போல, கண்ணாடி நிறத்தில் வட்ட வட்டமாக ஊர்ந்தன. மீன் பேன். ஒட்டின இடமெல்லாம் ரத்தப் புள்ளி. ஒரு மூங்கிலைப் பிடுங்கச் சொன்னேன். தண்ணீருக்குள் இருந்த பாகத்தில் வரிசை வரிசையாக முட்டை.

நான் படித்துத் தெரிந்துகொண்டது இதுதான். பெண் பேன் மீனை விட்டு இறங்கி, கல், மரம், கட்டை என்று கெட்டியாக எது கிடைத்தாலும் நூற்றுக்கணக்கில் முட்டை ஒட்டும். நம்ம ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று வாரத்தில் பொரியும். பொரிந்த குஞ்சுக்கு ஓரிரு நாளில் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். நெருக்கமாக வளர்க்கிற குட்டையில் மீனுக்கா பஞ்சம்? ஒரு குட்டையிலிருந்து அடுத்ததுக்கு ஈர வலையிலும் மீனோடும் போய்விடும். செல்வம் பக்கத்துக் குட்டைக்காரரிடம் வலை வாங்கி, காயவைக்காமல் அப்படியே இறக்கியிருக்கிறார்.

"திருடனுக்குப் பயந்து நட்டேன் அண்ணி. அதுவே இதுங்களுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி ஆயிடுச்சு," என்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"வேண்டுதல் இப்ப வேணாம். சாமி குளத்துக்கு இது போகக் கூடாது," என்றேன்.

கலாவின் முகம் செத்துப்போனது. "அக்கா, அமாவாசை அன்னிக்கே விட்டுட்டேன். நோவு பெருசாவறதுக்குள்ள சாமி பங்கையாவது காப்பாத்திடலாம்னு, நல்லாத் துள்ளினதா ஏழு பாத்து எடுத்துட்டுப் போனேன்."

அரிப்பு தாங்காமல்தான் அவை துள்ளியிருக்கும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

உடனே ஆட்டோ பிடித்தோம், எண்பது ரூபாய். ஓட்டுநர் உற்சாகமாக இருந்தார். "நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. ஒரு வாரமா சாமி மீனுங்க துள்ளி விளையாடுது. கூட்டம் ஜாஸ்தி. இந்த வருஷம் நல்ல மழைன்னு பேசிக்கிறாங்க."

கலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

கோயில் பெயரை எழுதப் போவதில்லை. பழைய குளம். நாலு பக்கமும் கல் படிக்கட்டு. பெரிய பெரிய மீன்கள் படியில் உரசி உரசிப் புரண்டன. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இறங்கி, தண்ணீருக்குள் இருந்த படியின் ஓரத்தைத் தடவினேன். சொரசொரவென்று விரலில் தட்டியது. எத்தனை படி, எத்தனை ஓரம்!

குருக்களிடம் எங்கள் பெயரைச் சொல்லியே எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. "இதுல மருந்து எப்படிம்மா ஊத்துறது? சாமிக்குத் தீர்த்தம் இங்கேருந்துதானே எடுக்கறோம்," என்று மட்டும் கேட்டார்.

குட்டையில் மூங்கிலை எல்லாம் பிடுங்கி வெயிலில் போட்டாயிற்று. இனிப் பலகைகளை இறக்கிவைத்து, பேன் அதில் முட்டை வைத்ததும் வாரம் ஒரு முறை எடுத்துக் காயப்போட வேண்டும். பொறுமை இருந்தால் குட்டையைத் தேற்றிவிடலாம். குளத்தின் படிக்கட்டை யாரால் பிடுங்க முடியும்?

மீன் நேர்ந்துகொண்டவர்கள் தயவுசெய்து உயிரோடு குளத்தில் விடாதீர்கள். வேறு எதையாவது செய்யுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. இரவல் வலையை நன்றாக வெயிலில் காயவைக்காமல் இறக்காதீர்கள். குளத்து மீன் உடம்பைத் தேய்த்தால் விளையாட்டு என்று நினைக்காதீர்கள்.

அன்று குளத்துக்குப் போகும்போது, பழக்கத்தில் கோயில் வாசலில் பத்து ரூபாய்க்குப் பொரி வாங்கியிருந்தேன். போட்டால் மீனெல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு கூடும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பேன் தாவ அதுதானே வேண்டும்? பக்கத்தில் நின்ற அம்மா, "போடுங்க, புண்ணியம்," என்றார். சுற்றிலும் எல்லோரும் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நான் பொட்டலத்தைப் பிரிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டேன்.