முட்டு வீட்டுக்குப் போகாத மாதம்

எழுமலைக்குப் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட ஊரில் கர்ப்பத்தைக் கண்டுபிடிக்க டாக்டர் வேண்டாம். முட்டு வீடு போதும். ஊர்க்கோடியில் ஓடு வேய்ந்த ஒற்றை அறை அது. மாதவிலக்கான பெண்கள் வீட்டில் தங்கக் கூடாது, அங்கேதான் போய் இருக்க வேண்டும். இந்த மாதம் யார் வந்தாள், யார் வரவில்லை என்பது ஊர் நடுவே மந்தைத் திடலில் சீட்டாடும் கிழவர்கள் வரைக்கும் தெரிந்துவிடும். எழுபதுகளின் கடைசியிலும் இப்படித்தான். நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்யாணமாகிச் சில வருஷங்களாக நான் மாதம் தவறாமல் அங்கே போய்க்கொண்டிருந்தேன். அந்த வருஷம் தை மாதமே மாமியார் சொல்லிவிட்டார்.

"வைகாசிக்குள்ள ஒண்ணும் தங்கலைன்னா எங்கண்ணன் மகளை அவனுக்குப் பேசி முடிச்சிருவேன். நீ பாட்டுக்கு ஒரு மூலையில இருந்துக்க."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனிதர்.

பங்குனியில் நான் முட்டு வீட்டுக்குப் போகவில்லை.

முதலில் நானே நம்பவில்லை. பிறகு வெங்காயம் தாளிக்கிற வாடை வயிற்றைப் புரட்டியது. மார்பு கனத்து வலித்தது. அடுப்படியில் உட்கார்ந்தபடியே கண்ணைச் சொக்கியது. புளியைக் கண்டால் எச்சில் ஊறியது. ஒவ்வொன்றையும் ஓரகத்தியிடம் சொல்லிச் சொல்லிக் கேட்டேன். பிள்ளைகள் பெற்றவள் அல்லவா.

"எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. சந்தேகமே வேணாம்" என்று சிரித்தாள்.

உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில் ஒருதடவை காட்டிவிடலாமே என்று மாமியாரிடம் கேட்டேன்.

"முட்டு வீடு சொல்லாததையா டாக்டரம்மா சொல்லிறப் போகுது?" என்றார்.

வெறும் வாயை மெல்லும் ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. கிணற்றடியில் என் குடத்தை வேறொருத்தி சுமந்து வந்தாள். மாமியார் என்னைத் "தாயி" என்று கூப்பிட ஆரம்பித்தார். அவ்வளவு மரியாதையும் வயிற்றுக்குத்தான் என்று தெரியும். தெரிந்தும் எனக்கு இனித்தது.

சித்திரையில் கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து அம்மா பஸ் மாறிப் பஸ் ஏறி வந்தாள். மஞ்சள் பை நிறையப் பச்சை மாங்காய். மாமியார் அவளைப் பாயில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். அதற்கு முன் ஒருநாளும் நடக்காதது. அம்மாவுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு அடிவயிற்றை இழுத்துப் பிடித்தது. கொல்லைக்கு ஓடினேன். சேலையில் ரத்தம்.

கலைந்ததா, முதலிலிருந்தே ஒன்றும் இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் தெரிந்துகொள்ள நினைக்கவும் இல்லை.

மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். தீட்டோடு வீட்டுக்குள் இருந்தால் குலசாமி சும்மா விடாது என்பார்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. பின்வாசலில் நின்றபடியே சொன்னேன். மாமியார் திட்டவில்லை. அம்மாவின் முன்னால் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதில் பாதிக் காப்பி இருந்தது.

முட்டு வீட்டுக்கு மந்தையைத் தாண்டித்தான் போக வேண்டும். நல்ல வெயிலில், ஊரே பார்க்க நடந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்த்தாலே போதுமே. செத்துப்போனால் தேவலை என்று இருந்தது.

அம்மா மாங்காய்ப் பையோடு சற்றுத் தள்ளிப் பின்னாலேயே வந்தாள். முட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் கதறியபோது அவள் கை என் பக்கம் நீண்டது. தீட்டுக்காரியைத் தொடக் கூடாதே, திரும்பிப் போய்விட்டது. தொட்டால் என்ன அம்மா என்று கத்தத் தோன்றியது. அவள் பையைத் தரையில் வைத்து என் பக்கமாகத் தள்ளினாள்.

"தின்னுத்தா. உனக்குன்னுதான் பறிச்சாந்தேன்."

அவள் பஸ்ஸுக்குப் போன பிறகு ஒரு மாங்காயை எடுத்துக் கடித்தேன். புளிப்பு மேல் இருந்த ஆசை இன்னும் போகவில்லை. கொட்டை வரைக்கும் தின்றேன்.