ஆற்றின் எல்லையைச் சொன்ன விசாலாட்சி

செவ்வாய்க்கிழமை காலை ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். "விசாலாட்சி மேடம் போயிட்டாங்க சார், நெஞ்சுவலி" என்றார் பக்கத்துத் தெருக்காரர். பையை மடித்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

அடையாற்றங்கரையில் வசிக்கும் நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். படகுத்துறை எங்கே இருந்தது, எந்தத் தோப்பு மனையானது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். "ஆத்துக்கும் பட்டா உண்டு சார். அதைக் காட்ட அது ஆபீசுக்கு வராது, மழைக்காலத்துல வீட்டுக்கே வரும்" என்பார்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒருவர் கட்டட இடிபாடுகளை லாரி லாரியாகக் கொட்டி ஆற்றை நெருக்கினார். எதிர்க்கரைக் குடிசைகளில் வெள்ளம் ஏறும் என்று விசாலாட்சி மனு எழுதினார். குடியிருப்போர் சங்கச் செயலாளரான நானும் கையெழுத்திட்டேன். தினமும் என் மாடியிலிருந்து அந்த லாரிகளைப் பார்த்தவன் நான்.

மறுவாரம் இருவரும் பஸ்ஸுக்கு நின்றபோது ஒருவன் அருகில் வந்தான். சிரித்த முகம். "இன்னா சார், உங்க பொண்ணு காலேஜுக்குத் தனியாத்தான் போய்க்கினு கீது போல?" என்று கேட்டுவிட்டுப் போனான். அன்று முதல் மகள் திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன்.

விசாரணை நாளில் அவன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். "லாரியை நீங்க பார்த்தீங்களா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"சரியாத் தெரியலைங்க."

விசாலாட்சி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய வரைபடத்தின் நகலை மேசையில் விரித்தார். இரண்டு முறை தவறான இடத்தைத் தொட்டு, மூன்றாம் முறை ஆற்றின் எல்லையைக் காட்டினார். குடிசையிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து, "நான் பார்த்தேன் சார்" என்றாள். கொட்டுவது நின்றது, மேட்டையும் பாதி அள்ளினார்கள். அந்த ஐப்பசி மழையில் வெள்ளம் குடிசை வாசல்வரை வந்தது. உள்ளே நுழையவில்லை.

மழை விட்டபின் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பொண்ணு நல்லா இருக்காளா?" என்று விசாரித்தார். பிறகு, "எனக்கும் அன்னைக்கு பயமாத்தான் இருந்துச்சு சார். அடுத்த தடவை சொல்லிடுங்க" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த 'அடுத்த தடவை'யைத்தான். நேற்று கரையோரம் மறுபடி இரண்டு லாரிகள் நின்றன. பயம் அப்படியே இருக்கிறது. மனுவின் முதல் வரியை எழுதிவிட்டேன்: 'நான் என் கண்ணால் பார்த்தேன்.'