மாடியில் தூங்கும் மம்மி

நேற்று பீரோவைத் திறந்ததும் எழுந்த அந்துருண்டை வாசனை, ஹைதராபாத்தில் இப்போது இடித்துவிட்ட பழைய அருங்காட்சியகம் ஒன்றுக்குள் என்னைக் கொண்டுபோய்விட்டது. காசு கேட்காமல் உள்ளே விடுவார்கள் என்பதால், லீவு நாட்களில் மௌலா அலியிலிருந்து பஸ் பிடித்து அம்மா என்னைக் கூட்டிப்போவாள். புறாக்கள் முனகும் உயரமான கூரைக்குக் கீழே ரோமாபுரி நாணயங்களையும் சீனத்து ஜாடிகளையும் மூக்குடைந்த சிலைகளையும் வாய்பிளந்து பார்ப்பேன். மாடிக்கு மட்டும் போனதில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி.

ஒருநாள் சிலைகளுக்கு நடுவே அம்மாவைக் காணோம். காவலாளி குனிந்து, "க்யா ஹோனா பேட்டா?" என்று, என்ன வேண்டும் எனக் கேட்டார். தமிழ் தெரியாதவரிடம் 'அம்மா' என்றால் புரியாதே என்று, பள்ளிக்கூடத்துச் சொல்லில், "மம்மி... மம்மி கிதர்?" என்று, எங்கே எனக் கேட்டு அழுதேன்.

"ரோ நக்கோ. மம்மி ஊப்பர் சோ ரஹி," என்று சிரித்தார்.

அழாதே, மேலே தூங்குகிறாள் என்கிறாரே, அம்மா இங்கே எதற்குத் தூங்குகிறாள் என்று குழம்பியபடி அவர் பின்னால் படியேறினேன்.

மாடியெங்கும் அந்துருண்டை வாசனை. கண்ணாடிப் பெட்டிக்குள், எகிப்திலிருந்து வந்த ஓர் உடல் துணி சுற்றிக் கிடந்தது. துணி விலகிய இடத்தில் கருத்த கால்விரல்கள், அவற்றில் நகங்கள்கூட இருந்தன. அழுகை நின்றுவிட்டது. மூச்சு பட்டால் எழுந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எங்கெல்லாம்டி தேடறது உன்னை!" என்று கையை ஓங்கியபடி, மூச்சிரைக்க அம்மா வந்தாள்.

"உஷ், தூங்கறாங்கம்மா."

அம்மா அந்தச் சிறிய பாதங்களைப் பார்த்தாள்.

"சின்னப் பொண்ணுடி இவ," என்றாள் மெதுவாக. ஓங்கிய கை இறங்கி என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.