கயலின் 'வழி உடு'

அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில் பிறந்த கயலுக்குக் குரல்தான் வேலை. தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்காக, ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து மைக்கில் தள்ளுபடியை அறிவித்துக்கொண்டே தெருத்தெருவாகப் போவாள். ஆட்டோ அக்பர் பாஷாவுடையது. அவர் கயலின் செத்துப்போன அப்பாவுக்குக் கூட்டாளி. ஆட்டோ மேல் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரும் அவருடையதுதான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி மாதம். பனகல் பார்க் அருகே வண்டிகள் நெருக்கியடித்து நின்றுவிட்டன. திடீரென்று அடித்த மழையில், கடைக்காரர் எழுதிக் கொடுத்திருந்த தாள் நனைந்து மை கரைந்துவிட்டது. மைக்கை அணைக்க மனசில்லாமல் கயல் வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"வழி உடு நைனா வழி உடு! பஸ்ஸு மேல பஸ்ஸு நிக்குது, வழி உடு! பொடவ வாங்க வந்த யக்கா பொழுதுக்கும் நிக்குது, வழி உடு! ஹாரன் அட்ச்சா ரோடு நவுருமா? ஆள் மேல ஆள் உழுந்தா ஊரு திருந்துமா?"

பஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. யாரோ விசில் அடித்தார்கள். பக்கத்தில் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டிருந்த ஒருவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார். வழி கிடைத்த பிறகும் அவர் ஆட்டோவின் பின்னாலேயே வந்தார்.

"என் பேர் சாய்நாத். மந்தைவெளில எங்காத்து மாடில ஸ்டூடியோ வெச்சிண்டிருக்கேன். பக்திப் பாட்டு கேசட் போடறவன். நீங்க பண்ணினதுக்குப் பேர் ராப், தெரியுமோ?"

"எனக்கு இன்னா தெரியும் சார்? வாயில வந்துச்சி, சொன்னேன்."

"அந்த வாயோட ஒரு நாள் வாங்கோ. ஒரு முழு கேசட் போடுவோம்."

அக்பர் பாஷா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நானும் கூட வருவேன்" என்றார்.

ஸ்டூடியோவில் கயலுக்குப் பேச்சே எழவில்லை. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. காதில் ஹெட்போனை மாட்டியதும் தன் மூச்சுச் சத்தம் கேட்டே பயந்துபோனாள். சாய்நாத் தாள மெஷினைத் தட்டிவிட்டார். அதற்கும் வரவில்லை. வெறுத்துப்போய்க் கீழே இறங்கிய அக்பர் பாஷா, கிளம்பிவிடலாம் என்று ஆட்டோவை ஸ்டார்ட் செய்தார். அந்தச் சத்தம் திறந்திருந்த கதவு வழியே மேலே வந்ததுதான் தாமதம், கயலின் கால் தானாகத் தட்ட ஆரம்பித்தது. சாய்நாத் கவனித்துவிட்டார். மைக்கைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடி, ஆட்டோ துடிப்பதை முதலில் பதிவு செய்தார். அந்தத் துடிப்பின் மேல்தான் மொத்த கேசட்டும் எழுந்தது. பெயர், 'வழி உடு'.

கேசட் வெளிவந்த வாரமே ஜவுளிக்கடை அவளை வேலையைவிட்டு நிறுத்தியது. விலையை ஏற்றிவிட்டுத் தள்ளுபடி தருகிறார்கள் என்று ஒரு பாட்டில் சொல்லியிருந்தாள். கேசட் கடைக்காரர்கள் 'வழி உடு'வை அடித்தட்டில் போட்டார்கள். ஒரு வாரப் பத்திரிகை, 'இது பாட்டா, மார்க்கெட் சண்டையா?' என்று எழுதியது. கயல் அதைப் படித்துவிட்டு, "சண்டை தான், அதுக்கு இன்னா?" என்று சிரித்தாள்.

சிரிக்க முடியாதது வீட்டு வாசலில் வந்து நின்றது. தண்ணீர் லாரி வரும் நேரத்தில் நடக்கும் கூத்துகளைப் பற்றி அவள் ஒரு பாட்டு கட்டியிருந்தாள். அதில் குடித்துவிட்டு ரோட்டில் புரளும் கணவனை மனைவி குடத்தால் அடிப்பாள். அந்த மனைவி, பக்கத்து வீட்டு தேவானை.

"பேரு கூட போடலியே யக்கா" என்றாள் கயல்.

"பேரு இன்னாத்துக்குடி? கொடத்தால அட்ச்சவ இந்தக் கரையில நான் ஒருத்தி தான? என் பொண்ணு மாமியார் வூட்ல கேசட்ட போட்டுப் போட்டு சிரிக்கிறாங்கோ." தேவானை வாசல் நிலையைத் தட்டிக் கேட்டாள். "அட்ச்சத சொன்னியே, அன்னிக்கே அந்த ஆள தோள்ல போட்டுக்கினு ஜி.எச்.சுக்கு ஓடனேனே, அத சொன்னியா? ராப்பகலா பக்கத்துல குந்திக்கினு கஞ்சி ஊட்னேனே, அத சொன்னியா? அவுரு குடிய உட்டு வருசமாவுது. அது உன் பாட்டுல எங்க கீது?"

அடித்ததைக் கயல் கண்ணால் பார்த்திருந்தாள். ஆஸ்பத்திரியைப் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை. இரண்டு நாள் வெளியே தலைகாட்டாமல் இருந்தாள். மூன்றாம் நாள் தேவானையின் வீட்டுக்குப் போனாள்.

"யக்கா, அத நான் சொன்னா சரியா வராது. நீயே வந்து சொல்லு."

"எங்க?"

"மைக்ல."

தேவானை முறைத்தாள். ஆனாலும் மறுநாள் ஈரத்தலையை முடிந்துகொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஸ்டூடியோவில் அவளுக்குப் பயம் ஒன்றும் இல்லை. கயலின் பாட்டு முடிந்த இடத்தில், யாரும் சொல்லித்தராமல், அவளுடைய கோபமே தாளம் பிடித்தது.

"அட்ச்ச கை இதுதான்டி, கஞ்சி ஊட்னதும் இதே கைதான்டி! கொடத்த பார்த்தவளே, கொணத்த பார்த்தியா? பாதிய பார்த்துட்டு பாட்டு கட்டாதடி!"

சாய்நாத் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுவிட்டார். 'வழி உடு'வை மறுபடி நகல் போட்டபோது அந்தப் பதிலும் அதில் சேர்ந்தது. அதன் பிறகு நடந்தது யாருக்கும் புரியவில்லை. மந்தைவெளி மார்க்கெட்டில் டீக்கடைக்காரர் அதை நாளெல்லாம் ஓடவிட்டார். பஸ்ஸில் சண்டை போடும் பெண்கள், "பாதிய பார்த்துட்டு பாட்டு கட்டாத" என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். தேவானையின் சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்தது. கேலி செய்ய இல்லை, கேசட் கேட்டு.

டிசம்பரில் அடையாறு கல்லூரி ஒன்றின் விழாவுக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். கயல் பாடி முடித்து ஒதுங்கினாள். தேவானை மைக்கின் முன்னால் வந்து, எதிரே முதல் வரிசையில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த தன் கணவனைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். அரங்கமே சேர்ந்து கத்தியது. அந்த மனிதர் முதலில் தலையைக் குனிந்தார். பிறகு அவரும் கை தட்டினார்.

அதே பத்திரிகை மறுபடியும் எழுதியது. சண்டைதான், ஆனால் இரண்டு பக்கமும் கேட்கிற சண்டை என்று. கயலுக்கு அது பிடித்திருந்தது.

அதிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாரைப் பற்றிப் பாட்டு கட்டினாலும் முதலில் அவர்கள் எதிரே போய் நின்று பாடிக் காட்டுவாள். திட்டினால் கேட்டுக்கொள்வாள், மாற்றச் சொன்னால் வாதாடுவாள். இதனால் இரண்டாவது கேசட் இழுத்துக்கொண்டே போனது. சாய்நாத், கயல் வீட்டுக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்து அலுத்துக்கொண்டார்.

"என்னம்மா, எப்பதான் வரப் போறேள்? நான் காத்துண்டே இருக்கேன்."

"வந்துக்கினே கீறேன் சார். மீன்காரம்மா பாட்டுல ரெண்டு வரிய ஒத்துக்க மாட்டேன்னுது. அவங்களே வேற ரெண்டு வரி கட்டிக் குடுத்துக்கீறாங்கோ. என்னுத விட அது நல்லா கீது சார்!"