காரணம்: மற்றவை

கணவர் தண்டாயுதபாணி இறந்த மறு வருஷம் கோகிலவாணி கணக்கெடுப்பு வேலைக்கு வந்தாள். இப்போது நாற்பத்தாறு வயது. பிள்ளைகள் இல்லை. புதுச்சத்திரத்தில் ஒற்றை அறையில் குடியிருக்கிறாள். வீட்டில் போன் உண்டா, இணையம் உண்டா, கடைசி மூன்று மாதத்தில் யாராவது பயன்படுத்தினார்களா என்று வீடு வீடாகக் கேட்டு டேப்லெட்டில் பதிய வேண்டும். எல்லா நாட்டிலும் இதே கேள்விகள்தான், கடைசியில் எந்த நாடு முன்னே, எந்த நாடு பின்னே என்று வரிசை போடுவார்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள்.

எருமப்பட்டிக்குத் தெற்கே ஒரு தோட்டத்து வீடு. இரண்டு தடவை போயும் பூட்டிக் கிடந்தது. பட்டியலில் இருக்கும் வீட்டை விட்டுவிட்டு வேறு வீட்டுக்குப் போகக்கூடாது. மூன்றாம் தடவை வெள்ளியங்கிரி இருந்தார். அறுபதை ஒட்டிய ஆள். களத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“ஊட்ல எத்தன பேருங்க?”

“நா ஒருத்தந்தானுங்க அம்மணி.”

“போனு?”

“இல்லீங்க.”

“பட்டன் போனுகூட இல்லீங்களா?”

அவர் தலையாட்டினார். ஏன் இல்லை என்பதற்குத் திரையில் ஐந்து காரணங்கள் வந்தன. ஒவ்வொன்றாகப் படித்தாள். விலை அதிகம், பயன்படுத்தத் தெரியாது, தேவையில்லை, சிக்னல் இல்லை. அதைக் கேட்டதும் அவர் கை நின்றது.

“இங்க நல்லாத்தான் எடுக்குதுங்க. அங்கதான் எடுக்கல.”

ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் லாரியோடு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்குப் போனவர் அவர். ஒன்பது வருஷம். வேலை நடந்த காட்டில் டவர் கிடையாது. எழுபது கிலோமீட்டர் தாண்டி டவுனுக்கு வந்தால்தான் பேச முடியும். ஒரு சனிக்கிழமை டீசல் வாங்க வந்தபோது போன் விடாமல் அதிர்ந்தது. மனைவி வசந்தாமணி இறந்து நாலு நாள் ஆகியிருந்தது.

“எல்லாத்தையும் முடிச்சுட்டாங்க. அன்னைக்கே அந்தப் போன லாரிப் பசங்ககிட்ட குடுத்துட்டனுங்க. அப்பறம் வாங்கத் தோணல.”

கோகிலவாணி கடைசியாக இருந்த ‘மற்றவை’யைத் தொட்டாள். நாற்பது எழுத்துதான் இடம். அடித்தாள், அழித்தாள். ‘தகவல் தாமதமாக வந்தது’ என்று எழுதி முடித்தாள்.

“அந்த நாட்லயும் இப்பிடிக் கேப்பாங்களா?” என்றார் அவர்.

“கேப்பாங்கங்க.”

“அப்ப அங்க டவரு வந்துருச்சான்னு தெரியுமுங்களா?”

“பாத்துச் சொல்றனுங்கண்ணா.”

மறுநாள் மேற்பார்வையாளர் ஜெகதீஸ்வரன் கூப்பிட்டார். “மேடம், ‘மற்றவை’ வேண்டாம்னு மேல சொல்றாங்க. ‘தேவையில்லை’ன்னு மாத்திருங்க.”

“அவரு அப்பிடிச் சொல்லலீங்க சார்.”

“எதுலயாவது சேக்கணுமில்லீங்க?”

அவள் மாற்றவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பதில் மாறியிருந்தது. கேட்டவர் என்ற இடத்தில் அவள் பெயர்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் நாடுகளின் அட்டவணையைத் தேடி எடுத்தாள். அவர் சொன்ன நாட்டுக்கு நேரே எண்கள் வருஷத்துக்கு வருஷம் ஏறியிருந்தன. அதை அவருக்குச் சொல்ல ஒரு நம்பர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள்.

“அந்த நாட்ல இப்ப நூத்துக்குத் தொண்ணூறு பேரு இருக்கற எடத்துல சிக்னல் வருதாமாங்க.”

அவர் யோசித்தார். “மிச்சம் பத்துப் பேரு எங்கிருக்காங்கன்னு போட்டிருக்குங்களா?”

“இல்லீங்க.”

“நாங்க இருந்த காடு அதுலதான் இருக்குமுங்க.”

சொல்லாமல் போய்விடலாம் என்றுதான் இருந்தாள். ஆனாலும் சொன்னாள். “நீங்க சொன்னத மாத்திட்டாங்கண்ணா. தேவையில்லைன்னு போட்டுட்டாங்க.”

 “செரி, உடுங்க” என்று அவர் எழுந்துபோய் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

நாலரை மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்பியபோது தார் ரோடு வரை கூடவே வந்தார். மறுபடி வரச் சொல்லவில்லை. வருவதற்கு அவளுக்கும் காரணம் இல்லை. பஸ் வரும்வரை இருவரும் எதிர்ப்புறத்து மரவள்ளிக் காட்டைப் பார்த்தபடி நின்றார்கள்.