ஒரே பெட்டியில் வந்த சாடிகள்

கவுத்தக்காவை வீட்டுக்குக் கூப்பிடுகிறவர்கள், அவள் வந்து சேர்வதற்கு முன்பே பூச்சாடியிலுள்ள தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். எல்லாம் பட்ட பாடுதான். ஒருமுறை, உடன் வேலை செய்கிற ஒருத்தி வீட்டில் “வாங்க, உட்காருங்க” என்று சொல்லி முடிப்பதற்குள், மேசைமேல் இருந்த கண்ணாடிச் சாடியை இவள் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டாள். பூவும் தண்ணீரும் வீட்டுக்காரரின் மடியில். பதறிப்போய் மன்னிப்புக் கேட்கவேண்டிய மனுஷி, “அடியை எவ்வளவு சுத்தமாத் தேய்ச்சிருக்கான் பாருங்க, நல்ல ஆலைச் சரக்கு” என்றாளாம். அன்றோடு சொந்தப் பெயர் போய் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வேலை, மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது. பைத்தியம், பழைய பூச்சாடிகள். அம்மா அப்பா காலத்தில் வீட்டுக்கு வீடு நின்றிருந்தவை. உருகிய கண்ணாடியை இரும்பு அச்சுக்குள் அழுத்தி எடுத்தவை. அன்று பாத்திரக் கடையில் கேட்பாரற்றுக் கிடந்த அதே சாடிக்கு இன்று சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். எந்தக் கண்ணாடி ஆலையில் செய்தது என்பதில்தான் சண்டையே. ஆலைக்காரர்கள் தங்கள் பெயரைக் கண்ணாடியில் பதிக்காமல், ஒரு காகிதச் சீட்டில் அச்சடித்து ஒட்டி அனுப்பிவிட்டார்கள். முதல் கழுவலிலேயே அது சாக்கடைக்குப் போய்விட்டது.

சீட்டு போனால் என்ன, கவுத்தக்கா இருக்கிறாளே! அச்சின் துண்டுகள் சேருமிடத்தில் சாடியின் உடம்பில் மெல்லிய கோடு ஒன்று விழும். கண்ணுக்குத் தப்பினாலும் அவள் நகத்துக்குத் தப்பாது. இரண்டு கோடு, தேய்த்து மட்டமாக்கிய அடி என்றால் ஆற்றங்கரை ஆலை. மூன்று கோடு, தேய்க்காத அடி என்றால், ஆற்றங்கரைக்காரன் எதைச் செய்தாலும் அதைப் பார்த்துச் செய்கிற மேட்டு ஆலை. இது அவளே பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த விதி. எத்தனையோ சாடிகளில் பலித்த விதி. அதனால் அவள் சொன்னால் சொன்னதுதான் என்று ஆகிவிட்டது. அவளுக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது, அதுதான் கோளாறு.

ஊரார் சாடியையெல்லாம் கவிழ்த்தவள், அம்மா வீட்டுச் சாடிகளை மட்டும் தொட்டதில்லை. அம்மா விட்டதில்லை. தேன் நிறத்தில், மரப்பட்டை போல வரி ஓடிய ஜோடி. சொந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அப்பா வாங்கி வந்தவை. அவர் போன பிறகும் கண்ணாடி அலமாரியில் அவை பக்கம் பக்கமாகவே நின்றன. அம்மாதான் துடைப்பாள், அம்மாதான் வைப்பாள். கூடவே இருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்குக்கூட அந்த உரிமை கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கை வலிக்கிறது என்று அம்மா இவளைத் துடைக்கச் சொன்னாள். சும்மா துடைத்திருக்கலாம். நகம் சும்மா இருக்குமா? ஒன்றில் இரண்டு கோடு. மற்றொன்றில் மூன்று. பார்த்துவிட்டாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியாத ஜென்மம் அது.

“அம்மா, இது ரெண்டும் ஜோடியே இல்லம்மா.”

“என்னடி உளர்ற? ஒரே பெட்டியில வந்தது. உங்கப்பாதான் பிரிச்சாரு, நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.”

“வந்தப்ப ஜோடியா வந்திருக்கும். இப்ப ஒண்ணு ஆத்தங்கரை, இன்னொண்ணு மேட்டு ஆலை. அதைப் பாத்துச் செஞ்சது. நடுவுல யாரோ மாத்தியிருக்காங்க.”

அம்மா மெதுவாகத் திரும்பி, சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்ற அக்காவைப் பார்த்தாள். முந்தின வருஷம் காலில் ஆபரேஷன் செய்து அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீடு முழுக்க அக்காவின் பொறுப்பில்தான் இருந்தது.

“என்னை எதுக்கும்மா பாக்கற?” என்றாள் அக்கா.

“உடைஞ்சிருந்தா உடைஞ்சதுன்னு சொல்லிட்டுப் போயேன்க்கா. பசங்க ஓடி விளையாடறப்ப தட்டி விட்டிருக்கும். அதுக்காக யாரு உன்னைத் தூக்குல போடப்போறா?”

“பசங்களும் உடைக்கல, நானும் உடைக்கல.”

“கண்ணாடி பொய் சொல்லாதுக்கா.”

“அப்ப நான் சொல்றேனா?”

இவள் மூன்று கோட்டுச் சாடியை அம்மா பக்கம் திருப்பிக் காட்டினாள். அதுவே பதிலாகிவிட்டது. சாயங்காலம் கிளம்பும்போது பார்த்தாள்: மூன்று கோட்டுச் சாடியை அம்மா அலமாரியிலிருந்து எடுத்துப் பரண்மேல் போடச் சொல்லியிருந்தாள். இரண்டு சாடி நின்ற இடத்தில் ஒற்றைச் சாடி மொட்டையாக நின்றது.

அதன் பிறகு அக்கா இவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சில மாதங்கள் கழித்து அம்மா போன் செய்தாள். “உங்கக்கா ஒத்துக்கிட்டாடி. அவ கை பட்டுத்தான் உடைஞ்சுதாம். எனக்குத் தெரியாம வேற வாங்கி வெச்சிருக்கா.” இந்த இடத்தில் கவுத்தக்கா துக்கப்பட்டாள் என்று எழுத ஆசைதான். இல்லை, பூரித்துப் போனாள். “நான் அன்னிக்கே சொல்லல?” என்றாள். மறுவாரமே சேகரிப்பாளர்கள் கூடிய இடத்தில், வீட்டுக்குள்ளேயே திருட்டுத்தனத்தைக் கண்டுபிடித்த கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அம்மா இறந்துபோனாள்.

மூடிக் கிடந்த பாத்திரக் கடை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது அதற்கும் பிறகு. எங்கப்பா காலத்துச் சரக்கு பரணில் பிரிக்காமலே கிடக்கிறது, வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றார் கடைக்காரரின் மகன். தூசி மூக்கில் ஏற, ஆலையிலிருந்து வந்தபடியே ஒட்டுப் பிரியாமல் இருந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கவுத்தக்கா கிழித்தாள். வைக்கோலுக்குள் இரண்டு சாடிகள். தேன் நிறம், மரப்பட்டை வரி. தண்ணீரே படாததால் இரண்டின் வயிற்றிலும் சீட்டு அப்படியே இருந்தது. ஆற்றங்கரை ஆலை, ஆற்றங்கரை ஆலை.

வழக்கம்போலக் கவிழ்த்தாள். நகத்தை ஓட்டினாள். ஒன்றில் இரண்டு கோடு. மற்றொன்றில் மூன்று.

அடுத்த பெட்டியைக் கிழித்தாள். அதற்கடுத்ததையும் கிழித்தாள். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு கலப்பு இருந்தது. ஓர் அச்சு தேய்ந்துபோய் இன்னொன்று வெட்டினார்களோ, சரக்கு போதாமல் மேட்டு ஆலைக்காரனிடமே வாங்கித் தங்கள் சீட்டை ஒட்டினார்களோ, யார் கண்டது! பெட்டியில் அடுக்கியவன் கைக்கு வந்ததை எடுத்து வைத்திருக்கிறான். அவனுக்கு அது சாடி, அவ்வளவுதான்.

“என்னக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? டூப்ளிகேட்டா?” என்று கீழிருந்து கேட்டார் கடைக்காரரின் மகன்.

“இல்ல தம்பி. ஒரிஜினல்தான். ரெண்டுமே ஒரிஜினல்.” அன்று வீட்டில் அப்பா பிரித்த பெட்டியிலும் இப்படித்தான் வந்திருக்கும், யாரும் எதையும் மாற்றவில்லை. அப்படியானால் அக்கா எதை ஒத்துக்கொண்டாள்? ஏணியிலிருந்து இறங்கியவள் கையைக்கூடக் கழுவாமல் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்கா கூடத்தில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இவள் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா ஒரு சட்டையின் கையை மடக்கி நீவிவிட்டாள்.

“இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்த? எனக்குத்தான் தெரியுமே.”

“தெரிஞ்சும் ஏன்க்கா உடைச்சேன்னு சொன்ன?”

“தினம் கேட்டாங்கடி. சாப்பாடு போடறப்ப, மாத்திரை குடுக்கறப்ப, தலை வாரி விடறப்ப. ‘திட்ட மாட்டேன், சொல்லிடு’ன்னு. எத்தனை நாளைக்கு இல்ல இல்லன்னு நிக்கறது? ஒருநாள் ஆமான்னுட்டேன். அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினாங்க.”

“மன்னிச்சிட்டாங்கல்ல?” என்று கேட்டாள் இவள். ஏதாவது ஓர் ஆறுதல் கிடைக்காதா என்று இருந்தது.

“மன்னிச்சாங்க. கன்னத்தைத் தடவிக்கூடக் குடுத்தாங்க. ஆனா பீரோ சாவி அதுவரைக்கும் என் இடுப்புலதான் இருக்கும். மறுநாள் குளிச்சிட்டு வந்து பாக்கறேன், சாவி அவங்க தலகாணிக்கு அடியில இருக்கு. கடைசி வரைக்கும் அங்கேயேதான் இருந்துச்சு.”

கவுத்தக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் அழும் உரிமை தனக்கு இல்லை என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டாள். “நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்க்கா. மாமாகிட்ட, பசங்ககிட்ட, அன்னிக்குக் கதை கேட்டுச் சிரிச்சவங்ககிட்ட, ஒருத்தர் விடாம. நான்தான் தப்பாச் சொன்னேன்னு.”

“சொல்லு. வேணாம்னு சொல்லல. அம்மாகிட்ட யாரு சொல்றது?”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இவள் காலில் விழுந்திருப்பாள். அக்கா அடுத்த துணியை எடுத்தாள். பெரிய போர்வை. சின்ன வயதில் இருவருமாக ஆளுக்கொரு நுனி பிடித்து மடிப்பது வழக்கம். இவள் குனிந்து தன் பக்கத்து நுனியைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

“இருக்கட்டும், நானே மடிச்சுக்கறேன்” என்றாள் அக்கா.